பக்கிங்ஹாம் கால்வாயின் மிச்சங்களை எங்கே தேடுவது?

ஜனவரி 9 | வாசகர் ஒருவர் கேட்டது

மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரை பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டியே நடந்து பார்த்தேன். பறக்கும் ரயிலின் தூண்களும் கறுத்த தண்ணீரும்தான் கண்ணில் பட்டன. படகு போனதற்கு ஒரு சுவடும் இல்லை. இது எந்தக் காலத்திலும் சாக்கடையாகத்தான் இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. வேறு எண்ணம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 9, இரவு

எந்தக் காலத்திலும் சாக்கடை என்று மட்டும் சொல்லாதீர்கள். ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமில் தொடங்கி மரக்காணம் வரை, கடலுக்கு இணையாக, சுமார் 420 கிலோமீட்டர் நீளத்துக்கு வெட்டிய நீர்வழி இது. அதில் 163 கிலோமீட்டர் தமிழ்நாட்டில் இருக்கிறது. வடக்கே கொம்மமூரு, ஏலூரு, காக்கிநாடா கால்வாய்கள் இதோடு சேர்கின்றன. காக்கிநாடாவில் ஏற்றிய சரக்கு கடலில் இறங்காமலே சென்னைக்கு வந்து சேரும். அரிசி, விறகு, கரி, உப்பு, கிளிஞ்சல், கருவாடு என்று நகரம் தின்றதிலும் எரித்ததிலும் பூசியதிலும் பெரும் பங்கு இந்த வழியாக வந்ததுதான்.

முதல் துண்டு 1806-இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே அமைந்தது. பணம் போட்டவர் பாசில் காக்ரேன் என்ற வெள்ளைக்கார வணிகர். அதனால் காக்ரேன் கால்வாய் என்றே அதற்குப் பெயர். பிறகு பழவேற்காடு ஏரி வரை நீண்டது. 1837-இல் அரசு கையில் எடுத்துக்கொண்டு, வடக்கே கிருஷ்ணையின் கழிமுகம் வரையும் தெற்கே மரக்காணம் வரையும் கொண்டுபோனது. நீங்கள் நடந்த பகுதி பிறகுதான் வந்தது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அந்த எட்டு கிலோமீட்டர் 1877-78-இல் வெட்டப்பட்டது.

நீங்கள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நடந்திருக்கிறீர்கள். படகின் சுவடு தண்ணீரில் இருக்காது, கரையில்தான் இருக்கும். நாளை விரிவாக எழுதுகிறேன்.

ஜனவரி 10

கரை என்று சொன்னேன். முதலில் பார்க்க வேண்டியது தொழில்களை. கால்வாயிலிருந்து ஓர் ஆள் சுமை தூக்கிக்கொண்டு நடக்கக்கூடிய தூரத்துக்குள் எந்தெந்தக் கடைகள் இருந்தன என்று பழைய ஆட்களிடம் கேளுங்கள். விறகுத் தொட்டி, கரிக் கடை, சவுக்குக் கம்பும் மூங்கிலும் விற்கும் இடம், சுண்ணாம்புக் காளவாய் இவைதான் பதிலாக வரும். எடை மிகுந்த, விலை குறைந்த சரக்கு இவை. வண்டி வாடகை கொடுத்துத் தொலைவு கொண்டுபோனால் கட்டுப்படியாகாது. எனவே படகிலிருந்து இறங்கிய இடத்திலேயே குவிந்து, அங்கேயே விலை போகும். கால்வாயில் போக்குவரத்து நின்று பல பத்தாண்டுகள் ஆன பிறகும், லாரியில் வந்த சவுக்குக் கட்டை அதே தொட்டியில்தான் இறங்கிக்கொண்டிருந்தது. இடம் மாறவில்லை, வாகனம் மாறியது.

என் தாய்வழித் தாத்தா கரையோரத்தில் விறகுத் தொட்டி வைத்திருந்தார். அவருடைய தராசுக் கம்பம் நின்ற இடத்தில் இப்போது செல்போன் பழுது பார்க்கும் கடை இருக்கிறது. ஆனால் அந்த மனையின் வடிவத்தைப் பாருங்கள்: தெருப்பக்கம் ஒடுங்கி, கால்வாய்ப் பக்கம் அகன்று கிடக்கிறது. சாதாரண வீட்டு மனையில் வாசல் தெருவைப் பார்த்துத்தான் அகலமாக இருக்கும். தொட்டிக்கு வாசல் தண்ணீர்ப் பக்கம். அந்த வரிசையில் இப்படி முதுகை அகலமாக வைத்துக்கொண்டு இன்னும் சில மனைகள் இருக்கின்றன. கட்டடம் எத்தனை முறை இடிபட்டாலும் மனையின் எல்லை இலேசில் மாறாது.

மயிலாப்பூரில் தண்ணீர்த்துறை மார்க்கெட் எங்கே இருக்கிறது, கால்வாய் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் ஒருமுறை பாருங்கள். மந்தைவெளி, காந்தி நகர்ப் பக்கங்களில் கேனால் பேங்க் ரோடு என்ற பெயர்ப் பலகைகளும் நிற்கின்றன.

ஜனவரி 13

அகலத்தைப் பற்றிக் கேட்டவருக்கு: நகரின் நடுப்பகுதியில் கால்வாய் முன்பு சுமார் 25 மீட்டர் அகலம். இப்போது பல இடங்களில் 10 மீட்டருக்கும் குறைவு. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. வருவாய்த் துறையின் புலப்படத்தை, அதாவது நில அளவை வரைபடத்தை, எடுத்துப் பாருங்கள். தரையில் ஓடையாக ஒடுங்கிக் கிடப்பது புலப்படத்தில் தடித்த பட்டையாக, தனி சர்வே எண்ணோடு, கால்வாய்ப் புறம்போக்கு என்று இருக்கும். தேடுகிறவருக்கு அதைவிடப் பெரிய தடயம் இல்லை.

ஜனவரி 18

படகு கடந்துபோகக் கால்வாயில் கட்டிய கதவு அமைப்பைப் 'பூட்டு' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். படகுக்காரர்களும் கரையோர மக்களும் லாக் என்றே சொன்னார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். அது எதற்கு என்று கேட்டிருந்தீர்கள்.

இந்தக் கால்வாய் கடலுக்குப் பக்கத்திலேயே, கடல் மட்டத்தை ஒட்டி ஓடுகிறது. மேற்கிலிருந்து வரும் ஒவ்வோர் ஆறும் இதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கடலுக்குப் போகிறது. கொசஸ்தலை, கூவம், அடையாறு, முட்டுக்காட்டுக் கழிமுகம், பாலாறு என்று வரிசையாக இருக்கின்றன. ஆற்றில் வெள்ளம் வந்தால் கால்வாய்க்குள் மண்ணைக் கொண்டுவந்து கொட்டும். முகத்துவாரம் திறந்திருந்தால் ஓதம் ஏறும்போது உப்புத் தண்ணீர் உள்ளே பாயும், இறங்கும்போது கால்வாய்த் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு போய்விடும். சென்னைக் கடற்கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் சுமார் ஒரு மீட்டர்தான். ஆனால் ஆழமில்லாத கால்வாயில் ஒரு மீட்டர் இறங்கினால் பாரம் ஏற்றிய தோணி தரைதட்டி நிற்கும். அதனால்தான் ஆறு குறுக்கிடும் இடங்களில் லாக் கட்டினார்கள். எதிரெதிராக இரண்டு கல் சுவர்கள், இரு முனைகளிலும் கதவுகள். தோணி உள்ளே நுழைந்ததும் பின்கதவை மூடி, சிறு மதகைத் திறந்து, இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்துக்கு வந்த பிறகு முன்கதவைத் திறப்பார்கள். கதவின் இரண்டு இலைகளும் தண்ணீர் உயர்ந்து நிற்கும் பக்கம் பார்த்து முக்கோணமாகச் சேரும். தண்ணீர் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு இறுக்கமாக மூடிக்கொள்ளும். தாழ்ப்பாளே வேண்டாம்.

தெற்கே ஓர் ஆற்றுவாய்க்குப் பக்கத்தில் இப்படியொரு லாக்கின் சுவரைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். மேலே வேலிக்கருவை மூடியிருந்தது. ஒதுக்கிவிட்டுக் குனிந்தால், நன்றாகச் செதுக்கிய கல்வரிசை நேர்கோட்டில் போய்த் திடீரென்று உள்ளே குழிகிறது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்: மேலிருந்து கீழ்வரை அரைவட்டமாகக் குடையப்பட்டு, வழவழவென்று இருந்தது. கதவின் முளைமரம் நின்று சுழன்ற இடம் அது. சுற்றியுள்ள கல்லெல்லாம் உளியின் புள்ளிகளோடு சொரசொரப்பாக இருக்க, இந்தக் குழிவு மட்டும் மரம் தேய்த்துத் தேய்த்து மெருகேறியிருந்தது. அதற்கு அடுத்து, திறந்த கதவு சுவரோடு சுவராக ஒடுங்கிக்கொள்ள ஓர் ஆழமில்லாத மாடம் போன்ற பள்ளம். மரமும் இரும்பும் என்றோ போய்விட்டன. கல்லில் கதவின் அச்சு அப்படியே இருக்கிறது.

எனவே நேரான கால்வாய் ஆற்றை நெருங்கும்போது காரணமில்லாமல் குறுகுகிறதா என்று செயற்கைக்கோள் படத்தில் பாருங்கள். குறுகினால், இறங்கிப் போய்க் கல்லைத் தேடுங்கள்.

ஜனவரி 19

லாக் பற்றி இன்னொன்று. சேப்பாக்கம் பக்கம், கூவத்தின் அருகே, லாக் நகர் என்று ஒரு குடியிருப்பு உண்டு. பெயரைக் கேட்டுவிட்டு யாரோ ஆங்கிலேயர் பெயர் என்று சொல்கிறவர்களுக்காக இது.

பிப்ரவரி 2

'வெள்ளைக்காரன் போட்ட கால்வாய்' என்று ஒருவர் புகழ்ந்து எழுதியிருந்தார். இதற்குப் பதில் சொல்லாமல் நகர எனக்கு மனம் வரவில்லை.

கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடைப்பட்ட பகுதி வெட்டப்பட்ட ஆண்டுகளைப் பாருங்கள்: 1877-78. தாது வருடப் பஞ்சம். பஞ்ச நிவாரண வேலையாகத்தான் அது வெட்டப்பட்டது. மண்வெட்டி பிடித்தவர்கள் வயிற்றுக்கு வழியில்லாமல் கிராமங்களை விட்டுக் கிளம்பி வந்தவர்கள். 1878-இல் அன்றைய சென்னை ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரைக் கால்வாய்க்கு வைத்தார்கள். அந்தப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தின் நிவாரண வேலைகளுக்கு, இந்திய அரசு அனுப்பிய பஞ்சப் பிரதிநிதி ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த கூலி, நாளெல்லாம் மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும். அதாவது 450 கிராம் தானியம். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதைவிடக் குறைவு. எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் அளவைச் சற்றே கூட்டினார்கள்.

மயிலாப்பூர்ப் பகுதிக் கரையில் நிற்கும்போது எனக்கு இந்த 450 கிராம்தான் நினைவுக்கு வருகிறது. கால்வாய் என்ற அந்தப் பள்ளமே அவர்கள் விட்டுப்போன தடயம். தோண்டியவர்களில் ஒருவர் பெயரும் எந்தப் பலகையிலும் இல்லை.

பிப்ரவரி 3

நேற்று எழுதியதைக் காலையில் மறுபடி படித்தேன். ஒன்று சேர்க்க வேண்டும். வெட்டியவர்களின் உழைப்போடு அது முடியவில்லை. தோணி ஓடியதும் மனித உடம்பால்தான். சாதகமான காற்று இருந்தால் பாய் கட்டுவார்கள். இல்லாவிட்டால் ஒருவர் கழியைத் தரையில் ஊன்றித் தோளால் தள்ள வேண்டும், இன்னொருவர் கரையில் நடந்து கயிற்றால் இழுக்க வேண்டும். பாரதிதாசன் இந்தக் கால்வாயில் தோணியில் மாமல்லபுரம் போனதைப் பாடியிருக்கிறார். சென்னை மனிதர்கள் இதில் பயணம் செய்தார்கள் என்பதற்குத் தமிழில் அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

கயிறு இழுப்பவருக்கு நடக்கத் தடையில்லாத கரை வேண்டும். மரம், வேலி, வீடு எதுவும் இருக்கக் கூடாது. அதனால் கால்வாயை ஒட்டி ஒரு நடைபாதை எப்போதும் காலியாக விடப்பட்டிருந்தது. இன்று கரையோரம் நீளும் ஒடுக்கமான சாலைகளில் எவையெல்லாம் வளைவே இல்லாமல் தண்ணீரோடு ஒட்டிப் போகின்றனவோ, அவற்றைச் சந்தேகப்படுங்கள்.

பிப்ரவரி 15

வடசென்னை பற்றி ஏன் எழுதவில்லை என்று ஒருவர் சினந்துகொண்டார். நியாயமான சினம். கால்வாயின் தொழில் முகமே அங்கேதான்.

பேசின் பிரிட்ஜ் என்று நாம் ரயில் நிலையத்தைச் சொல்கிறோம். அந்தப் பேசின் படகுகள் வந்து கட்டி நிற்பதற்காக அகலப்படுத்திய நீர்த்தேக்கம். வடக்கே இருந்து வந்த தோணிகள் அங்கே ஒதுங்கின. ஸ்ரீஹரிகோட்டாக் காட்டு விறகு பழவேற்காடு ஏரியைக் கடந்து இந்த வழியாகத்தான் சென்னை அடுப்புகளுக்கு வந்தது. இன்று ராக்கெட் ஏவும் தீவு, அன்று நமக்கு விறகு அனுப்பிய தீவு. எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கத்து உப்பளங்களிலிருந்து உப்பும் வந்தது. சால்ட் கோட்டர்ஸ் ரயில்வே சரக்கு முனையம் இருக்கும் இடம் பழைய உப்புக் கிடங்குகளின் இடம்தான். கால்வாயும் உப்பும் ரயிலும் எவ்வளவு நெருக்கமாக ஒரே மூலையில் சேர்ந்தன என்று கவனியுங்கள். ரயில் வந்து கால்வாயைக் கொன்றுவிட்டது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நெடுங்காலம் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வேலை செய்தன.

ஓட்டேரி நல்லாவும் படகுக் கால்வாய்தான் என்று எழுதியவருக்கு: இல்லை. அது மழைநீர் ஓடை, பக்கிங்ஹாம் கால்வாயில் வந்து கலக்கிறது. வியாசர்பாடிப் பக்கத்து கேப்டன் காட்டன் கால்வாயும் இதில் சேரும் வடிகால்தான். ஒன்றில் இன்னொன்று கலப்பதால் எல்லாமே ஒன்று என்று ஆகிவிடாது. வேறுபாட்டை நேரில் பார்க்கலாம்: ஓடை தாழ்ந்த நிலத்தைத் தேடி வளைந்து வளைந்து வரும். படகுக் கால்வாய்க்கு நிலத்தின் சரிவைப் பற்றிக் கவலையில்லை, கோடு போட்டாற்போல் போகும்.

பிப்ரவரி 16

சினந்தவர் திரும்பி வந்து, கொருக்குப்பேட்டைப் பக்கம் தம் தந்தை கரி மூட்டை இறக்கியதை எழுதியிருக்கிறார். படகுக்காரர்கள் தெலுங்கு பேசியதையும், கரையில் கல் கூட்டிச் சோறு பொங்கியதையும் சொல்லியிருக்கிறார். ஐயா, தயவுசெய்து இன்னும் எழுதுங்கள். உங்கள் தந்தை கூலியை மூட்டைக்கு வாங்கினாரா, நாளுக்கு வாங்கினாரா? படகு வந்து நின்றதை ஆட்களுக்கு எப்படித் தெரிவித்தார்கள்? இவை எந்த அரசு ஆவணத்திலும் கிடைக்காது.

மார்ச் 1

கால்வாயைக் கால்வாயாகவே பார்க்க விரும்புகிறவர்கள் தெற்கே போக வேண்டும். சோழிங்கநல்லூர் தாண்டி, பழைய மாமல்லபுரம் சாலைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் நடுவே அது அகலமாகத் திறந்து கிடக்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் உபரி நீர் ஒக்கியம் மடுவு வழியாக இதில்தான் வந்து இறங்குகிறது. கோவளம் பக்கம் உப்பளங்கள், முட்டுக்காட்டில் கழிமுகம். மாமல்லபுரத்துக்கு மேற்கே நின்று பார்த்தால் வெட்டி எடுத்த மண்ணைக் குவித்த மேடு கரை நெடுகிலும் தெரியும். தோண்டிய மண் எங்கும் போவதில்லை, பக்கத்திலேயே கிடக்கும். அந்த மேட்டில் பனை வரிசை கட்டி நிற்கும் இடங்களில் தொலைவிலிருந்தே கால்வாயின் போக்கைச் சொல்லிவிடலாம்.

கல்பாக்கத்தைக் கடந்து, பாலாற்றைத் தாண்டி, மரக்காணத்து உப்பளங்களில் போய் முடிகிறது.

மார்ச் 2

படகு எப்போது நின்றது என்று பலர் கேட்டுவிட்டீர்கள். ஒரே நாளில் நின்றதில்லை. சாலையும் லாரியும் சரக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டன, தூர் வாருவது குறைந்தது. 1965, 1966 ஆண்டுகளின் புயல்கள் கரைகளை உடைத்து மண்ணை நிரப்பின. அதன் பிறகு பழுது பார்க்கும் ஆர்வம் யாருக்கும் இருக்கவில்லை. 2008-இல் காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரையிலான கால்வாய்களைக் கோதாவரி, கிருஷ்ணாவின் பகுதிகளோடு சேர்த்து தேசிய நீர்வழி 4 என்று சட்டம் போட்டு அறிவித்தார்கள். சென்னைக்குள் ரயில் தூண்களுக்கு இடையே சரக்குப் படகு எப்படி நுழையும் என்ற கேள்விக்கு எனக்கு விடை கிடைக்கவில்லை.

பறக்கும் ரயில் 1995-இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை வந்தது, 1997-இல் மயிலாப்பூர், 2004-இல் திருவான்மியூர். நிலம் வாங்கும் செலவும் சிக்கலும் இல்லாத நேர்கோடு நகரின் நடுவில் கிடைத்ததால் கால்வாயின் மீதே தடம் போட்டார்கள். ரயிலால் எனக்கும் பயன்தான், மறுக்கவில்லை. ஆனால் திருவல்லிக்கேணியிலோ மந்தைவெளியிலோ நடைமேடையில் நின்று கீழே பாருங்கள். நிலையமே கால்வாயின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மழைக்காலத்தில் அந்தத் தூண்களில் சேரும் குப்பையையும் பாருங்கள்.

மார்ச் 9

'இருந்தால் என்ன, போனால் என்ன' என்று கேட்டவருக்குக் கோபப்படாமல் பதில் எழுத ஒரு வாரம் பிடித்தது.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது பெத்தகஞ்சாமிலிருந்து சென்னை வரை சுமார் 310 கிலோமீட்டர் நீளத்துக்கு இந்தக் கால்வாய் அலையின் தண்ணீரை வாங்கிக்கொண்டது. பல இடங்களில் நிரம்பி, சில இடங்களில் வழிந்து, பத்துப் பதினைந்து நிமிடங்களில் கடலுக்குத் திரும்பியது. மீனவர்கள் பலர் பிழைத்தார்கள். பஞ்சத்தில் வெட்டியவர்கள் இதை நினைத்து வெட்டவில்லை. ஆனால் கடலுக்கும் ஊருக்கும் நடுவே ஓர் ஆழமான பள்ளம் கிடந்ததால் உயிர்கள் தப்பின. அந்தப் பள்ளத்தை நகருக்குள் 10 மீட்டராக ஒடுக்கிவிட்டு, மழை பெய்தால் தெருவில் தண்ணீர் நிற்கிறதே என்று கேட்கிறோம்.

மார்ச் 10

கரையில் குடியிருந்தவர்கள்தான் கால்வாயைக் கெடுத்தார்கள் என்று கீழே பலர் எழுதியிருக்கிறீர்கள். நான் உடன்படவில்லை. அந்தக் குடும்பங்களில் பலரும் மூட்டை இறக்க, விறகு பிளக்க, தோணி இழுக்க வந்தவர்களின் வாரிசுகள். வேலை போன பிறகும் அவர்கள் வேலை பார்த்த இடத்திலேயே தங்கினார்கள். அவர்களை ஆக்கிரமிப்பாளர்கள் என்று சொல்லி, நகரின் தெற்கு விளிம்பிலுள்ள மறுகுடியமர்வுப் பகுதிகளான கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினோம். கால்வாய்க்குள்ளேயே கான்கிரீட் தூண் இறக்கியதை யாரும் ஆக்கிரமிப்பு என்று சொல்லவில்லை. நகரின் கழிவுநீரில் பெரும்பகுதி அந்தக் குடிசைகளிலிருந்து வந்ததும் இல்லை.

இந்தக் கால்வாயின் சுவடுகளைத் தேடுகிறவர்கள் முதலில் போக வேண்டிய இடங்களில் கண்ணகி நகரும் ஒன்று. லாக் எப்படித் திறந்தார்கள், எந்தப் பாலத்தின் கீழ் கழி தரை தட்டாது என்பதெல்லாம் அறிந்த முதியவர்கள் அங்கே ஏதோ ஒரு மாடியில் இருக்கலாம்.

மார்ச் 22

முதல் கேள்வி கேட்டவர் மறுபடி நடக்கப் போகிறாராம். மகிழ்ச்சி. இந்த முறை லாக் தேடி அடையாற்றுக்குத் தெற்கே போங்கள். மழை முடிந்து தண்ணீர் வற்றிய ஏப்ரல், மே மாதங்களில், ஓதம் இறங்கும் நேரம் பார்த்துப் போனால் கல்வரிசையின் அடிப்பகுதி வெளியே தெரியும். முழங்கால் வரை காலணி அவசியம், சேற்றில் உடைந்த கண்ணாடி நிறைய. தனியாக இறங்க வேண்டாம். புலப்படத்தின் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், இன்றைய கரைக்கும் சர்வே எல்லைக்கும் இடையே எத்தனை மீட்டர் இருக்கிறது என்று டேப் பிடித்து அளந்து, இடத்தின் பெயரோடு இங்கே எழுதுங்கள். கொருக்குப்பேட்டை ஐயா வடக்குப் பகுதிக்குத் தம் மகனை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். மந்தைவெளிப் பகுதியை நான் அளக்கிறேன்.